பிடுங்காமல் காப்பாற்ற முடியுமா? – பல்லின் வேர் சிகிச்சையைக் குறித்து



"டாக்டரம்மா, மருந்து மாத்திரை ஒண்ணும் வேண்டாம். பல்லைப் புடுங்கி விட்ருங்க." ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்துக் கிராமங்களில் பல்வலியோடு வருகிறவர்கள் சொல்லுகிற முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மூன்று இரவுகளாக நித்திரை இல்லை. பீடி சுற்றுகிற சகோதரியானாலும், எலுமிச்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிற சகோதரரானாலும், ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. பிடுங்கினால் அன்றோடு காரியம் முடியும். "பல்லைக் காப்பாற்றலாம் அம்மா, ஆனால் இரண்டு மூன்று தடவை வர வேண்டும்" என்று சொன்னவுடனே முகம் வாடிவிடும். பல்லுக்குப் போய் இத்தனை நடையா என்று நினைப்பார்கள். அதிலும் "நரம்பை எடுக்கப் போகிறோம்" என்று யாராவது சொல்லிவிட்டால் பயமும் சேர்ந்துகொள்ளும். பார்வை போய்விடுமோ, முகம் கோணிவிடுமோ என்று கேட்கிறவர்கள் அநேகர்.

ரூட் கெனால் என்று எல்லோரும் சொல்லுகிற இந்த வேர் சிகிச்சை எதற்காக, எப்படி என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். உங்கள் வீட்டிலோ சபையிலோ இன்றில்லாவிட்டால் நாளை ஒருவருக்கு இந்தக் கேள்வி வரும்.

பல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது?

பல்லை நாம் ஒரு வெள்ளைக் கல்லைப்போல நினைக்கிறோம். உண்மையில் அது உயிருள்ள ஓர் உறுப்பு. வெளியே தெரிகிற வெண்மையான பாகம் எனாமல். நம் சரீரத்தில் எலும்பைவிடவும் கடினமான பொருள் அது. ஆனால் அதற்கு உணர்ச்சி கிடையாது, ஒருமுறை அழிந்தால் திரும்ப வளர்வதும் கிடையாது. அதற்கு உள்ளே சற்று மஞ்சள் நிறமான டென்டின். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரமாயிரமாக அதன் வழியே உள்நோக்கிப் போகின்றன. நடுவில் ஒரு சிறிய அறை. அந்த அறையில்தான் பற்கூழ் என்கிற மெல்லிய சதை இருக்கிறது. இரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளும் கலந்த இந்தச் சதையைத்தான் மக்கள் "நரம்பு" என்கிறார்கள்.

அறையிலிருந்து வேரின் நுனி வரைக்கும் மெல்லிய வாய்க்கால்கள் இறங்குகின்றன. கெனால் என்ற பெயர் அதனால் வந்தது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வாய்க்கால். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று, மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு. பல்லின் நீளம் மொத்தமே ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். வேர் நுனியிலுள்ள துவாரமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தண்ணீர் வருவதற்கும் போவதற்கும் ஒரே மடை உள்ள குளத்தைப்போல, இந்த ஊசிமுனைத் துவாரத்தின் வழியாகவே பல்லுக்குள் இரத்தம் வந்து போகிறது. பல்லின் துன்பமெல்லாம் இந்த அமைப்பில்தான் இருக்கிறது.

சொத்தை எப்படி வருகிறது என்பது பலருக்கும் தெரியும். வாயிலுள்ள கிருமிகள் இனிப்பையும் மாவையும் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன, அமிலம் எனாமலைக் கரைக்கிறது. பெர்லினில் பணியாற்றிய வில்லபி மில்லர் என்ற அமெரிக்கர் 1890இல் இதை விளக்கிப் புத்தகமாகவே எழுதிவிட்டார். ஆனால் நம் பக்கத்தில் இன்றைக்கும் "பூச்சிப்பல்" என்ற பேச்சுத்தான். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வாயில் பிடித்தால் பூச்சி விழுந்துவிடும் என்று நம்புகிற பெரியவர்கள் உண்டு. நம் ஊரில் மட்டும் இருந்த எண்ணம் அல்ல இது; ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டு இருந்தது. பல் வைத்தியத்தின் தந்தை எனப்படுகிற பிரான்சு தேசத்துப் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட தமது நூலில், அப்படிப்பட்ட பூச்சியைத் தாம் கண்டதில்லை என்று எழுதினார்.

கருப்பட்டியைக் குறித்தும் ஒரு வார்த்தை. "சீனிதான் பல்லுக்குக் கெடுதல், கருப்பட்டி ஒன்றும் செய்யாது" என்பார்கள். கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான். புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை அனுப்புகிற ஊர்களில் பழத்தைக் கடித்துச் சப்புகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அங்கே கிருமிக்கு வேலையே இல்லை, பழத்தின் புளிப்பே எனாமலைக் கரைத்துவிடும். சாறாகப் பிழிந்து குடித்துவிட்டு வாயைத் தண்ணீரால் கொப்பளிப்பது நல்லது.

வலி சொல்லுகிற செய்தி

சொத்தை எனாமலில் இருக்கும்வரை வலி தெரியாது. டென்டினை எட்டியதும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுளீர் என்று கூசும், தண்ணீரை விழுங்கியதும் நின்றுவிடும். இந்தச் சமயத்தில் வருகிறவர்களுக்குச் சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். அரை மணி நேர வேலை. வேர் சிகிச்சைக்கு அவசியம் இராது.

அடுத்தது வேறு நிலை. கூச்சம் நிற்காமல் நிமிடக்கணக்கில் நீடிக்கும். சூடு பட்டால் துடிக்கும். இரவில் படுத்தால் அதிகமாகும், ஏனெனில் படுக்கும்போது தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடுகிறது. உள்ளே இருக்கிற சதை வீங்குகிறது. கையில் வீக்கம் வந்தால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் இருக்கிற சதைக்கு நாலு பக்கமும் சுவர். வீக்கத்துக்குப் போக இடமில்லாமல் தன் இரத்த ஓட்டத்தைத் தானே நெரித்துக்கொள்கிறது. பல்வலிக்கு இருக்கிற அந்தத் தாங்கமுடியாத கொடுமைக்குக் காரணம் இதுவே. சிலர் விடிய விடியக் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படிச் செய்தால் வலி குறைகிறது என்று ஒருவர் சொன்னால், பற்கூழ் சாகும் தறுவாயில் இருக்கிறது என்று வைத்தியர் அறிந்துகொள்வார்.

கிராம்புத் தைலம் சற்று நேரம் மரக்கச் செய்யும். பொடியோ புகையிலையோ வைத்து அடக்குகிறவர்களும் உண்டு, அது ஈற்றைப் புண்ணாக்கும் என்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

பிறகு ஒரு நாள் வலி நின்றுவிடும்! இந்த இடத்தைத் தயவுசெய்து கவனித்து வாசியுங்கள். "கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன், சரியாகிவிட்டது" என்று சொல்லி மக்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பல் சரியாகவில்லை. உள்ளே இருந்த நரம்பு செத்துப்போனது, ஆகவே வலியைச் சொல்ல ஆள் இல்லை. செத்த சதையில் கிருமிகள் பெருகி, வேர் நுனித் துவாரம் வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. சில மாதங்களிலோ வருஷங்களிலோ ஈற்றில் சீழ்க்கட்டி ஒன்று எழும்பி உடையும். கடித்தால் வலிக்கும், பல் உயர்ந்துவிட்டதுபோல் தோன்றும். முகவாய்க்கட்டையின் தோலில் ஆறாத புண்ணாக வெளிப்பட்டு, அது பல்லிலிருந்து வந்தது என்று தெரியாமல் களிம்பு தடவிக்கொண்டே இருக்கிறவர்களும் உண்டு.

"கிருமிக்கு மாத்திரை இருக்கிறதே, அதைச் சாப்பிட்டால் போதாதா?" என்ற கேள்வி நியாயமானது. மாத்திரை இரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லை. வெளியே வந்த வீக்கத்தை மாத்திரை அடக்கும், உள்ளே இருக்கிற கிருமியின் கூட்டைத் தொடாது. நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவர்களுக்குப் பல்வலிக்காக மாத்திரம் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம், பல்லுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் அறிவுரை வெளியிட்டது.

ஓர் எச்சரிக்கை. கீழ்த்தாடைக்கு அடியில் இரு பக்கமும் கெட்டியாக வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டு, காய்ச்சலும் இருந்தால் அதை வெறும் பல்வலி என்று எண்ணாதீர்கள். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மானிய வைத்தியர் விவரித்த இந்த வியாதியில் வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்து உயிரையே எடுத்துவிடக்கூடும். விடியட்டும் என்று காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து, தென்காசி அரசு தலைமை மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போகவேண்டும்.

பிடுங்குவதே கருணையாக இருந்த காலம்

கனடாவிலிருந்து தைவான் தீவுக்குச் சென்ற மிஷனரி ஜார்ஜ் லெஸ்லி மெக்காய் என்பவரைப்பற்றிச் சிலர் வாசித்திருக்கலாம். கிராமம் கிராமமாய்ப் போய்த் திறந்த வெளியில் நின்று மக்களுடைய சொத்தைப் பற்களைப் பிடுங்குவது அவருடைய ஊழியத்தில் ஒரு முக்கிய பங்கு. 1873 முதல் 21,000க்கு மேற்பட்ட பற்களைப் பிடுங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அதைவிட மேலான உதவி இல்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895இல்தான். இன்றைக்கு நாம் பயன்படுத்தும் மரப்பு ஊசி மருந்தான லிக்னோகெயின் 1940களில்தான் வந்தது.

இடையில் வைத்தியர்களே வழிதப்பியதும் உண்டு. 1910இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் வைத்தியர் கனடாவில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கெட்ட பற்களுக்கு மேலே தங்கத்தையும் வேறு உலோகங்களையும் போட்டு மூடுவதால் உள்ளே அழுக்கு தங்கி, சரீரம் முழுவதும் வியாதி வருகிறது என்பது அவர் வாதம். அதை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டு, மூட்டுவலி முதல் மனநோய் வரை எல்லாவற்றிற்கும் செத்த பல்லே காரணம் என்று சொல்லி, மேல்நாடுகளில் எண்ணற்ற பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். வியாதிகள் தீரவில்லை, மக்கள் பொக்கைவாயரானதே மிச்சம்.

1965இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி காரியத்தைத் தெளிவாக்கியது. கிருமியே இல்லாத சூழ்நிலையில் வளர்த்த எலிகளின் பல்லில் துளையிட்டுப் பற்கூழைத் திறந்து விட்டார்கள். அது தானே ஆறிக்கொண்டது. சாதாரண எலிகளுக்கோ செத்துச் சீழ்பிடித்தது. ஆக, கெடுதல் செய்வது கிருமி. கிருமியை வெளியேற்றி, அது திரும்ப நுழையாதபடி அடைத்துவிட்டால் பல் அங்கேயே இருக்கலாம். வேர் சிகிச்சையின் முழு இரகசியமும் இவ்வளவுதான்.

சிகிச்சை நடக்கும் விதம்

முதலில் ஊசி போட்டு மரக்கச் செய்வார்கள். எக்ஸ்ரே எடுத்து வேர் எப்படி வளைந்திருக்கிறது, எலும்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பு ஒன்றை மாட்டுவது முறை. எச்சில் உள்ளே போகாமலும், மருந்தும் சிறு கருவிகளும் தொண்டைக்குள் விழாமலும் அது காக்கும். மேற்புறத்தில் ஒரு துளை இட்டு அறையைத் திறந்தவுடனே, அடைபட்டிருந்த சீழும் அழுத்தமும் வெளியேறுகிறது. வலியோடு வந்தவர்கள் பெருமூச்சு விடுவது இந்த நேரத்தில்தான்.

அதற்குப் பின்பு நிதானமான வேலை. தலைமயிர்போல் மெல்லிய ஃபைல் என்ற அரங்களை ஒவ்வொரு வாய்க்காலிலும் நுழைத்து, செத்த சதையைச் சுரண்டி எடுத்து, வாய்க்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துவார்கள். வேர் நுனி எங்கே முடிகிறது என்று எக்ஸ்ரேயாலோ அதற்கென்று உள்ள மின்கருவியாலோ அளந்து, அதற்கு மேல் அரம் போகாதபடி பார்த்துக்கொள்வார்கள். அரம் புகாத மூலைமுடுக்குகளும் உண்டு. அவைகளைச் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தால் கழுவுகிறார்கள். துணி வெளுக்கப் பயன்படும் அதே சரக்குதான், அளவோடு கலந்தது. சீழ் அதிகமாயிருந்தால் சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்த கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்து, தற்காலிகமாக அடைத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச்சொல்வார்கள்.

இப்போது ஒரே அமர்வில் முழுவதையும் முடிக்கிற முறையும் இருக்கிறது. பல தடவை வந்து செய்வதற்கும் இதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன, முதல் சில நாட்கள் வலி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. ஆனாலும் கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள், "ஒரே நாளில் முடிக்க முடியுமா?" என்று வாய்திறந்து கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

சுத்தமான வாய்க்காலை வெறுமையாக விட முடியாது. அதை அடைப்பதற்கு கட்டாபெர்ச்சா என்ற பிசின் பயன்படுகிறது. மலாயா தேசத்துக் காடுகளில் வளர்கிற ஒரு மரத்தின் பால் அது. சிங்கப்பூரில் இருந்த வைத்தியர் மான்ட்கோமரி 1843இல் இதை இலண்டனுக்கு அனுப்பினார். கடலுக்கடியில் போட்ட முதல் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதுதான். 1867இல் பௌமன் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் வேர்களை அடைக்க இதை உபயோகித்தார், 150 வருஷத்திற்கு மேலாகியும் இதையே பயன்படுத்துகிறோம். ராயகிரிக்கு மேற்கே தெரிகிற மலைத்தொடரின் மழைக்காடுகளில் இந்த மரத்தின் நெருங்கிய இனமொன்று ஓங்கி நிற்கிறது. மலையாளத்தில் பாலி என்பார்கள். சதை செத்துப்போன பல்லுக்கு மரத்தின் பால் கைகொடுப்பது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

பார்வையைக் குறித்த பயத்துக்கு வருவோம். பல், கன்னம், நெற்றி, கண்ணோரம் ஆகியவற்றின் உணர்ச்சியைச் சுமப்பது ஒரே நரம்பின் கிளைகள். ஆகையால் மேல்பல் வலித்தால் கண்ணும் வலிப்பதுபோல் இருக்கும். பார்ப்பதற்கான நரம்பு முற்றிலும் வேறு, அது பல்லுக்கு அருகில் வருவதேயில்லை. வேர் சிகிச்சையில் எடுப்பது பல்லுக்குள் இருக்கிற சிறு இழையை மாத்திரமே. பல் பிடுங்கினாலும் சரி, வேர் சிகிச்சை செய்தாலும் சரி, பார்வைக்கு ஒன்றும் ஆகாது.

பலன் எப்படி என்று கேட்டால், அமெரிக்காவில் 14 இலட்சத்துக்கும் அதிகமான பற்களின் காப்பீட்டுக் கணக்கை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். வேர் சிகிச்சை செய்த பற்களில் 100க்கு 97, எட்டு வருஷம் கழித்தும் வாயிலேயே இருந்தன. நம் ஊர் நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் நன்றாகச் செய்து முடித்த பல் நெடுநாள் உழைக்கும் என்பதில் சந்தேகமில்லை.

எல்லாப் பல்லையும் காப்பாற்ற வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால், ஈற்றுக்கு மேலே பிடிமானத்துக்குப் பல்லே இல்லாவிட்டால், ஈறு நோயால் பல் ஆடிக்கொண்டிருந்தால் பிடுங்குவதே சரி. நல்ல எதிர்ப்பல் இல்லாத கடைசி ஞானப்பல்லுக்கு இத்தனை செலவு செய்வதும் வீண். ஆனால் 25 வயது வாலிபனுடைய முதல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால், பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும், அந்தப் பக்கம் மெல்லுவதே நின்றுபோகும். பிறகு செயற்கைப் பல் கட்டுவதற்கு ஆகிற செலவு, வேர் சிகிச்சைக்கு ஆகிறதைவிடக் குறைவாக இருப்பது அபூர்வம். பைக்கிலிருந்து விழுந்து முன்பல் அடிபட்டவர்களும் கவனிக்க வேண்டும். பல் கறுத்து வந்தால் உள்ளே நரம்பு செத்திருக்கலாம், வலி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

சர்க்கரை வியாதி, இருதய வால்வு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும். இவர்களுக்கும் சிகிச்சை செய்யலாம், முன்னேற்பாடு சற்று வேறு. சட்டப்படி பதிவு பெற்ற பல் வைத்தியரிடம் மாத்திரமே போங்கள். சந்தையில் பெட்டி விரித்து உட்காருகிறவரிடம் வேண்டாம். செலவைக் குறித்துக் கவலைப்படுகிறவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் ஒரு நல்ல வழி. ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் செய்கிறார்கள், நேரம் அதிகமாகும், கட்டணம் குறைவு.

கேப் போட்டாயிற்றா?

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. வேரை அடைத்து முடித்ததும் வலி போய்விடுகிறது. வலி போனதும் அநேகர் திரும்பி வருவதேயில்லை. ஆனால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. சொத்தையாலும், திறந்து துளையிட்டதாலும் அந்தப் பல் பலவீனமாயிருக்கிறது. கடைவாய்ப் பல் என்றால் முறுக்கு கடிக்கிற ஒரு நாளில் இரண்டாகப் பிளந்துவிடும். பிளவு ஈற்றுக்குக் கீழே போய்விட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பட்ட வேதனையும் கொடுத்த பணமும் வீணாகிப்போகும். மேலே உறை ஒன்று, அதாவது கேப், போட்டுவிட்டால் இதைத் தடுக்கலாம். உறை போடாத பற்கள், போட்ட பற்களைவிட ஆறு மடங்கு வேகத்தில் விழுந்துபோயின என்று 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. முன்பற்களுக்குப் பல சமயம் நல்ல அடைப்பே போதும்.

ஏழைக் குடும்பங்கள் கைவிடுவது இந்தக் கடைசி நடையைத்தான். கேப்புக்குத் தனிச் செலவு. பணம் சேர்ந்ததும் வரலாம் என்று தள்ளிப்போடுவார்கள். தற்காலிக அடைப்பு மெல்லக் கரைந்து எச்சில் உள்ளே இறங்கும், கிருமி மறுபடியும் குடியேறும். பார்க்கிறதற்கு விலையுயர்ந்த கேப்தான் வேண்டும் என்பதில்லை. உலோகக் கேப் விலை குறைவு, உழைப்பு அதிகம், கடைவாயில் யாரும் பார்க்கப் போவதும் இல்லை. முழுத் தொகையும் எவ்வளவு, எத்தனை தடவை வரவேண்டும் என்று முதல் நாளிலேயே கேட்டு, தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சபையிலோ தெருவிலோ வேர் சிகிச்சை தொடங்கிய ஒரு தாயாரை நீங்கள் அறிந்திருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது "கேப் போட்டாச்சாம்மா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த தேதி என்றைக்கு என்று விசாரித்து, அன்றைக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ளவும், பஸ்ஸுக்குக் கையில் ஏதாவது இருக்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.